பழுதறிதலும் ஒரு கல்வியே

(கல்லூரியின் பழைய மாணவரும் இந்நாள் தமிழாசிரியருமாகிய ஒருவர் எழுதியது)

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, இலக்கியத் துறையிலிருந்தே ஏதேனும் எழுதுவேன் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். தமிழாசிரியன் ஒருவனிடம் அதனை எதிர்பார்த்தல் இயல்பே. ஆயின், யான் எழுதப் புகுந்த பொருள் வேறு. எமது வீட்டுக் களஞ்சிய அறையில், அரிசி மூட்டைகளுக்கு மேலே அறைந்த ஒரு பலகையில், இரவும் பகலும் இயங்கிக்கொண்டிருக்கும் சிறு கணினியைப் பற்றியும், அதனோடு பிணைந்த வலையமைப்பைப் பற்றியும், அவை பழுதுற்ற நாள்களில் யான் கற்றுக்கொண்டவற்றைப் பற்றியுமே எழுதுகின்றேன். "தமிழ் வாத்தியாருக்கு இந்த வயர்களோடு என்ன வேலை?" என ஆசிரியர் அறையில் நண்பர் பலர் நகையாடியதுண்டு. அவ்வினாவுக்கு விடையாகவும் இக்கட்டுரை அமைக.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகின்றேன். நமக்கு அருமையான ஏடுகளையும் படங்களையும் பிறருடைய பொறிகளில் மட்டும் வைத்துவிட்டு வாளாவிருத்தல் தகாது. நம் வீட்டிலும் நம் கல்லூரியிலும் நமக்கே உரிய சேவையகம் ஒன்று இருத்தல் வேண்டும். இருப்பின், அது பழுதுறும். பழுதுற்றபோது அதனை முறையாக ஆராய்ந்து சீர்செய்யும் ஆற்றல் நம் மாணாக்கர்க்குக் கற்பிக்கப்படல் வேண்டும். இரண்டாவது இன்றேல் முதலாவது பயன்தராது, தீங்கும் விளைக்கும். இதனை யான் நூலிற் படித்துக் கூறவில்லை, இழந்து கூறுகின்றேன்.

வீட்டுச் சேவையகம்

சேவையகம் என்றதும் குளிரூட்டிய மண்டபத்தில் நிரை நிரையாக நிற்கும் பெரும் பொறிகளே பலர் மனத்திற் தோன்றும். அங்ஙனம் அஞ்ச வேண்டுவதில்லை. பிற கணினிகள் கேட்பவற்றை எடுத்துக் கொடுக்கும் பணியில் அமர்த்தப்பட்ட எந்தக் கணினியும் சேவையகமே. யான் 2019 இல் வாங்கியது ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பழைய மேசைக் கணினி. அதனுள் ஒவ்வொன்றும் 2 ரெராபைற்று கொள்ளும் இரு வன்தட்டுகளைப் பொருத்தினேன். அதனை இயக்குவது டெபியன் என்னும் இலவச மென்பொருள் தொகுதி. அதன் உள்ளே இருப்பது லினக்ஸ் என்னும் கரு. பின்லாந்தில் மாணவராயிருந்த லீனஸ் தோர்வால்ட்ஸ் 1991 இல் அதனை எழுதத் தொடங்கினார். டெபியன் 1993 இல் தொடங்கியது. இவற்றுக்கு யான் ஒரு சதமேனும் கொடுக்கவில்லை. கொடுத்ததெல்லாம் மின்சாரக் கட்டணமே. பழைய பொறி 40 வாற்று உண்டது. அஃதாவது மாதம் ஏறக்குறைய 29 அலகு. 2023 இல் அதனை நீக்கி, 10 வாற்றுக்குள் அடங்கும் சிறு பொறியொன்றை அமர்த்தினேன். இப்போது மாதம் 7 அலகே செல்கின்றது.

அப்பொறியில் இருப்பவை யாவை? குடும்பப் படங்கள், என் பாடக் குறிப்புகள், பழைய வினாத்தாள்கள், தமிழ் விக்கிப்பீடியாவின் முழுப்படி, நம் கல்லூரியின் பழைய சஞ்சிகைகளை ஒளிப்பதிந்த பக்கங்கள் ஆகியன. வெளியே இணையம் அறுந்த நாளிலும் எம் வீட்டுப் பிள்ளைகளும் அயற் பிள்ளைகளும் இவற்றைப் படிக்கலாம். இணையம் வேறு, வலையமைப்பு வேறு என்பதனைப் பலர் அறியார். தெருவின் கம்பி அறுந்தால் வீட்டிலுள்ளவர் தம்முள் பேசுதல் நின்றுவிடுமோ? அதுபோலவே, வீட்டு ரவுட்டருக்கு மின்சாரம் உள்ளவரை வீட்டுக்குள் உள்ள பொறிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கும்.

உறுப்பு உறுப்பாகப் பிரித்தல்

"சேர், இன்ரநெற் வேலை செய்யவில்லை" என மாணவன் ஒருவன் வந்து சொல்லும்போதெல்லாம், "சேர், இந்தச் சொல் விளங்கவில்லை" என்று அவன் வகுப்பிற் சொல்வதே எனக்கு நினைவுக்கு வரும். சொல் விளங்காதபோது நாம் என் செய்கின்றோம்? பிரிக்கின்றோம். 'நடந்தனன்' என்னுஞ் சொல்லைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி எனப் பகுத்து, ஒவ்வோர் உறுப்பும் செய்யும் தொழிலைக் காட்டுகின்றோம். 'நட' என்பது பகுதி. அடுத்துவரும் 'த்' சந்தி. அது 'ந்' ஆகியது விகாரம். அதன்பின் வரும் 'த்' இறந்தகாலங் காட்டும் இடைநிலை. முதல் 'அன்' சாரியை. ஈற்று 'அன்' ஆண்பால் விகுதி. சொல் முழுவதையும் ஒருங்கே நோக்கி மயங்கியவன், உறுப்புகளை ஒவ்வொன்றாக நோக்கித் தெளிகின்றான்.

வலையமைப்பையும் யான் இவ்வாறே ஆறாகப் பகுத்து வைத்திருக்கின்றேன்: மின்சாரம், கம்பி, முகவரி, வழி, பெயர், பணி. எண்ணிக்கை ஒத்தது தற்செயலே. முறை ஒத்தது தற்செயலன்று.

முதலில் மின்சாரம். பொறியின் விளக்கு எரிகின்றதா? அடுத்துக் கம்பி. கம்பி செருகிய துளையின் அருகே சிறு விளக்கு மின்னுகின்றதா? மூன்றாவது முகவரி. வீட்டில் உள்ள ஒவ்வொரு பொறிக்கும் ரவுட்டர் ஓர் எண்ணை வழங்குகின்றது. பெரும்பாலான வீடுகளில் அது 192.168 எனத் தொடங்கும். வீடுகளினுள்ளும் அலுவலகங்களினுள்ளும் வழங்குதற்கென்றே 1996 இல் ஒதுக்கப்பட்ட எண் வரிசைகளுள் அதுவும் ஒன்று. பொறியின் எண் 169.254 எனத் தொடங்கின், அது முகவரி கேட்டும் விடை பெறாமையால் தானே ஓர் எண்ணைப் புனைந்துகொண்டது என அறியலாம். நான்காவது வழி. சேவையகத்தின் எண்ணுக்கும், ரவுட்டரின் எண்ணுக்கும், பின் வெளியுலக எண் ஒன்றுக்கும் முறையே பிங் என்னும் கட்டளையால் ஒரு குரல் கொடுத்துப் பார்த்தல். மைக் மூஸ் என்பார் 1983 டிசம்பரில் எழுதிய சிறு நிரல் அது. நீர்மூழ்கியைத் தேடும் ஒலிக்கருவியின் ஓசையே அதற்குப் பெயராயிற்று. எந்த எண் வரை விடை வருகின்றதோ அதுவரை வழி செம்மை; அதற்கு அப்பால் பழுது. ஐந்தாவது பெயர். எண்ணுக்கு விடை வந்து பெயருக்கு வாராதாயின், பெயரை எண்ணாக மாற்றும் ஏற்பாடே பிழைத்தது. ஆறாவது பணி. பொறி விழித்திருந்தும், அதில் நாம் வேண்டும் ஒரு பணி மட்டும் உறங்கியிருத்தல் கூடும். அவ்வேளை தட்டு நிரம்பிவிட்டதா என்பதையே முதலிற் பார்த்தல் நன்று.

இவ்வாறும் அறிந்த மாணவன் எந்தப் பழுதையும் உடனே திருத்திவிடுவான் என்று யான் கூறவில்லை. ஆனால், பழுது எங்கே இல்லை என்பதைக் கூறவல்லான். அதுவே பாதி வெற்றி.

மூன்று பழுதுகள்

முறையை அறிந்திருத்தல் வேறு. பதற்றத்தின்போது அதனைக் கைக்கொள்ளுதல் வேறு. யான் தடுமாறிய மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்கின்றேன்.

முன்பு 1 கிகாபைற்றுக் கோப்பு 10 விநாடியிற் சென்றது; ஒருநாள் 90 விநாடி கொண்டது. தட்டு தேய்ந்துவிட்டது என எண்ணினேன். பின்னர் மென்பொருளை ஐயுற்றேன். இரண்டு வார இறுதிகளை இவ்வாறு செலவிட்ட பின்னரே கம்பியை நோக்கினேன். முகட்டு ஓட்டின் கீழே செல்லும் கம்பியை அணில் கடித்திருந்தது. அக்கம்பியுள் 4 சோடி இழைகள் உள்ளன. விநாடிக்கு 1000 மெகாபிற்று வேகத்துக்கு நான்கு சோடியும் வேண்டும். 100 மெகாபிற்று வேகத்துக்கு இரண்டே போதும். ஒரு சோடி அறுந்ததும் பொறிகள் தமக்குள் இசைந்து, ஓசையின்றிப் பத்திலொரு பங்கு வேகத்துக்கு இறங்கிவிட்டன. வேகம் ஏறக்குறையப் பத்தில் ஒன்றாகக் குறைந்தமை தானே ஒரு சான்று. யான் அதனைக் கணக்கிட்டுப் பார்த்திருப்பின் முதல் நாளே கம்பியை நோக்கியிருப்பேன்.

இரண்டாவது, சிலவேளை நிகழ்ந்து சிலவேளை நிகழாத பழுது. பழுதுகளுட் கொடியது அதுவே. சேவையகம் மனைவியின் தொலைபேசிக்குத் தெரியும். மகளின் கணினிக்குத் தெரியாது. மறுநாள் மாறிவிடும். ஆறு உறுப்புகளையும் நோக்கியபோது மூன்றாவதில் விடை கிடைத்தது: சில பொறிகளின் எண் 192.168.1 எனவும், சிலவற்றின் எண் 192.168.0 எனவும் தொடங்கின. அஃதாவது வீட்டில் முகவரி வழங்குவோர் இருவர். விடுமுறைக்கு வந்திருந்த மருமகனை வினவினேன். "மாமா, பின் அறைக்குச் சிக்னல் காணாது என்று பழைய ரவுட்டர் ஒன்றைக் கொழுவிவிட்டேன்" என்றான். அவன்மீது பிழையில்லை. "நன்றாயிருந்த நாளுக்குப் பின் எது மாறியது?" என்னும் வினாவை முதல் நாளே கேளாதுவிட்ட பிழை என்னுடையது. பழைய ரவுட்டரில் முகவரி வழங்குவதை நிறுத்தி, அதனை வெறும் அலைபரப்பியாக மட்டும் வைத்துக்கொண்டோம். பின் அறைக்கும் இப்போது சிக்னல் உண்டு.

மூன்றாவது, வியப்பானது. நீண்டதொரு மின்தடைக்குப் பின் வீட்டிலிருந்து எந்த இணையத்தளமும் திறக்கவில்லை. மின்சாரம், கம்பி, முகவரி, வழி யாவும் செம்மை. பெயருக்கு எண் கூறும் பணியை எம் சேவையகமே செய்து வந்தது. அது எந்தப் பெயருக்கும் விடை கூற மறுத்தது. ஏனெனில், அவ்விடைகள் வெளியிலிருந்து கையொப்பமிடப்பட்டு வருகின்றன. கையொப்பத்துக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பொறியின் நாள்காட்டியோ பல ஆண்டு பின்சென்றிருந்தது. ஆதலின் எல்லாக் கையொப்பமும் பொய்யெனத் தள்ளியது. நேரத்தைத் திருத்துதற்கு வெளியுலக நேரச் சேவையகம் ஒன்றை அது நாட வேண்டும். நாடுவதற்கு அதன் பெயருக்கு எண் அறிய வேண்டும். எண் அறிவதற்கு நேரம் செம்மையாயிருத்தல் வேண்டும்! திறப்பை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டியவனின் நிலை அதற்கு. கையால் நேரத்தைத் திருத்தியதும் யாவும் உயிர்பெற்றன. நோயின் வேர், தாய்ப்பலகையிலிருந்த 3 வோல்ற்று நாணய வடிவ மின்கலம் தீர்ந்துபோனமை. சிறு காசுக்கு வாங்கும் ஒரு மின்கலம் வீடு முழுவதையும் ஊமையாக்கிற்று.

என் பிழை

மேற்கூறிய மூன்றும் நகைத்து மறக்கத்தக்கவை. நான்காவது அத்தகையதன்று.

நம் கல்லூரியின் பழைய சஞ்சிகைகளிற் பல 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வில் தொலைந்துபோயின என்பதைப் பழைய மாணவர் அறிவர். 2021 இன் இறுதியில், எண்பது வயதைக் கடந்த பழைய மாணவர் ஒருவர், தாம் போற்றி வைத்திருந்த மூன்று இதழ்களை என்னிடம் தந்தார். "தம்பி, கவனமாய்ப் படமெடுத்துவிட்டுக் கொண்டுவந்து தாரும்" என்பதே அவர் சொன்னது. 2022 தை, மாசி மாதங்களில் ஒவ்வொரு பக்கமாக ஒளிப்பதிந்து சேவையகத்தில் வைத்தேன். இதழ்களை உறையிலிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

எம் பொறியின் இரு தட்டுகளும் கண்ணாடியும் உருவும் போல ஒன்றையொன்று ஒத்திருக்குமாறு அமைக்கப்பட்டவை. ஒன்று கெட்டால் மற்றது காக்கும் என நம்பியிருந்தேன். ஆனால், அவற்றுள் ஒன்று 2021 மார்கழியிலேயே கம்பி தளர்ந்து இணைப்பினின்றும் விலகிவிட்டது. பொறி அதனை நாள்தோறும் மின்னஞ்சலில் அறிவித்துக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் வந்த அவ்வறிவிப்புகளை யான் திறந்தும் பார்க்கவில்லை. அதன்பின் எழுதியவை யாவும் ஒரு தட்டில் மட்டுமே எழுதப்பட்டன.

அவ்வாண்டு பங்குனியில் மின்வெட்டுகள் மிக்கன. மார்ச் 31 ஆம் நாள் 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை யாரும் மறந்திரார். எம் யூ.பி.எஸ். மின்கலமோ முன்னரே தேய்ந்திருந்தது. அந்நாள்களுள் ஒன்றில் பொறி திடீரென நின்றது. மின்சாரம் வந்தபின் எழவில்லை. யான் என் மாணாக்கர்க்கு உரைக்கும் முறையை மறந்தேன். இரவில், கைவிளக்கின் ஒளியில், அடுத்த மின்வெட்டு வருமுன் முடித்துவிட வேண்டுமென்ற விரைவில், இரு தட்டுகளுள் ஒன்று எளிதிற் திறந்தமை கண்டு, அதுவே செம்மையானது எனத் துணிந்தேன். அதனை மூலமாகவும் மற்றதைப் படியாகவும் கொண்டு பெயர்த்தெழுத ஏவினேன். காலையிற் பொறி எழுந்தது. மகிழ்ந்தேன். மார்கழிக்குப் பிந்திய யாதொன்றும் அதில் இல்லை. விலகி நின்ற பழந்தட்டை, நிறைவான தட்டின்மேல் எழுதியிருந்தேன்.

மீண்டும் ஒளிப்பதியலாம் என்று ஆறுதல் கொண்டு, சில மாதங்கள் கழித்து அப்பெரியவர் வீட்டுக்குச் சென்றேன். அவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டைத் துப்புரவாக்கியவர்கள் பழந்தாள்களைக் கடலைக்காரருக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டனர். அம்மூன்று இதழ்களும் இன்று எங்கேனும் உளவோ என யான் அறியேன். இவ்விழாமலரை விரிப்போருள் எவரிடமேனும் அக்காலத்து இதழ்கள் இருப்பின், அருள்கூர்ந்து எனக்கு அறிவிக்குமாறு வேண்டுகின்றேன்.

யான் இழந்ததற்கு மின்சாரத்தையும் பழிக்கவில்லை, பொறியையும் பழிக்கவில்லை. பொறி தன் கடமையைச் செய்தது. நாள்தோறும் உண்மையை உரைத்தது. கேளாதவன் யான். இரு தட்டுகள் ஒத்திருத்தல் பாதுகாப்பே அன்றிப் படி அன்று என்பதை அன்றே உணர்ந்தேன். ஒரு தட்டில் அழித்தது மற்றதிலும் அழியும். ஒரே வீட்டில் உள்ளவை ஒரே தீயில் வேகும். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்திற் படியிருந்த நூலை மீளப் பெறலாம். ஒரேயொரு பிரதியாய் இருந்த ஏட்டை எங்கே பெறுவது? நம் முன்னோர் செல்லரிக்கும் ஓலையைச் சலியாது பெயர்த்தெழுதி ஊரூராக வைத்தமையாலன்றோ, சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றார் 19 ஆம் நூற்றாண்டில் அவற்றைத் தேடிப் பெற்று ஒப்புநோக்கி அச்சேற்ற முடிந்தது! மூன்று படி, இருவகைப் பொருளில், ஒன்று வேறிடத்தில் என இன்று கணினி வல்லார் கூறும் விதி, ஏடு காத்த நம்மவர்க்குப் புதிதன்று.

பிறர் பொறியும் நம் பொறியும்

இங்ஙனம் இழந்தவன், "இனிப் பெரிய நிறுவனங்களிடமே ஒப்படையுங்கள்" என்றல்லவா கூற வேண்டும் என நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான வினா. அந்நிறுவனங்கள் தட்டுகளைக் காப்பதில் என்னினும் வல்லவர்கள் என்பதில் ஐயமில்லை. அவர்களிடமும் ஒரு படி இருக்கட்டும். அங்கு மட்டும் இருத்தலையே யான் மறுக்கின்றேன். ஜியோசிற்றீஸ் என்னும் தளத்தில் உலகத்தார் அமைத்த பக்கங்களை யாஹூ நிறுவனம் 2009 இல் மூடிற்று. யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் முற்றாக நின்றன. அவற்றுள் தமிழர் நடத்திய குழுமங்களும் அடங்கும். கூகிள் நிறுவனம் படங்களுக்கு அளவின்றி வழங்கிய இலவச இடம் 2021 யூன் 1 ஆம் நாளுடன் முடிவுற்றது. இவற்றில் வஞ்சகம் எதுவுமில்லை. அவர் பொறி, அவர் முடிபு. வாடகை வீட்டிலிருப்பவன் வீட்டுக்காரரைக் குறைகூறுதல் தகாது; ஆனால், தன் பெட்டியின் திறப்பைத் தன்னிடம் வைத்திருத்தல் தகும்.

நல்லூர் ஆறுமுக நாவலர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மிசன் அச்சுக்கூடம் இருந்தது. இருந்தும் அவர் 1849 இல் தமிழகஞ் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். எதனை, எப்போது, எவ்வாறு அச்சிடுவது என்னும் உரிமை தம்மிடம் இருத்தல் வேண்டுமென அவர் உணர்ந்திருந்தார். யந்திரம் வாங்கியதோடு பணி முடிந்துவிடவில்லை. எழுத்துக் கோப்போரும், மை பூசுவோரும், முறிந்த உறுப்பைத் திருத்துவோரும் வேண்டியிருந்தனர். உரிமை என்பது எப்போதும் உழைப்பையும் உடன்கொண்டே வரும்.

ஓர் எச்சரிக்கையும் கூறல் கடன். வீட்டுச் சேவையகத்தை வெளியுலகு காணத் திறந்துவைத்தல் ஆபத்தானது. 2016 இல் மிராய் என்னும் கேடுசெய் நிரல், தொழிற்சாலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றாதிருந்த ஒளிப்படக் கருவிகளையும் ரவுட்டர்களையும் பெருந்தொகையாகக் கைப்பற்றி, பெரிய தளங்களையே முடக்கிற்று. ஆதலின் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுக. மென்பொருளைக் காலந்தோறும் புதுப்பிக்க. வெளியிலிருந்து அணுக வேண்டின், வயர்காட் போன்ற மறைவழி ஒன்றினூடாகவே அணுகுக.

கொப்பி

அவ்விழப்பின் பின் யான் செய்தது ஒன்றே. 80 பக்கக் கொப்பி ஒன்றை எடுத்துச் சேவையகத்தின் அருகே நூலிற் கட்டித் தொங்கவிட்டேன். எந்தப் பொறி எங்குளது, அதன் எண் யாது, எக்கம்பி எத்துளையிற் செல்கின்றது, படி எப்போது எடுக்கப்பட்டது, மின்சாரம் வந்தபின் எதனை முதலில் ஏற்றுவது, ஒவ்வொரு பழுதிலும் யான் ஐயுற்றது யாது, மெய்க்காரணம் யாது என யாவற்றையும் நல்ல தமிழில் எழுதிவந்தேன். "ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக; மாற்றியதை எழுதுக; பொறி சொல்வதை வாசித்து முடிக்கும்வரை எதிலும் கைவையாதே" என்பன அதன் முதற் பக்கத்தில் உள்ள மூன்று கட்டளைகள்.

2025 பெப்ரவரி 9 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்தமையே காரணமென அமைச்சர் கூறினார். யான் அன்று ஒரு திருமணத்தின் பொருட்டுத் திருகோணமலையில் இருந்தேன். இரவு மகளை அழைத்துச் சேவையகம் பற்றி வினவினேன். "அப்பா, எல்லாம் ஏறிவிட்டது. கொப்பியில் இருந்தபடி செய்தேன். நாலாவது வரியில் நீங்கள் எழுதிய எண் பிழை. வெட்டிவிட்டுச் சரியானதை எழுதியிருக்கிறேன்" என்றாள்.

அவள் பதினான்கு வயதுச் சிறுமி. அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி, பொறி எழுந்ததனால் அன்று. என் பிழையைத் திருத்தவல்ல ஒருத்தி என் வீட்டில் உள்ளாள் என்பதனால். ஒருவன் மட்டுமே அறிந்த பொறி, ஒற்றைப் பிரதியாய் உள்ள ஏட்டை ஒக்கும். அறிவுக்கும் மூன்று படி வேண்டும்.

கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம்

ஆதலின் கல்லூரி நிருவாகத்தினரையும் பழைய மாணவர் சங்கத்தினரையும் பணிந்து வேண்டுவன இவை. முதலாவது, கல்லூரி நூலகத்தில் மின்செலவு குறைந்த சிறு சேவையகம் ஒன்றை, நல்ல மின்கலத்துடன் நிறுவுக. இரண்டாவது, எஞ்சிய சஞ்சிகைகளையும் வரவுப் பதிவேடுகளையும் படங்களையும் ஒளிப்பதிந்து அதில் வைத்து, ஒரு படியைப் பழைய மாணவர் சங்கத்தின் கொழும்புக் கிளையில் வைக்க. வெளியிடத்தக்கவற்றின் மற்றொரு படியை, 2005 முதல் ஈழத்து நூல்களைத் திரட்டிவரும் நூலகம் எண்ணிம நூலகத்துக்கு அளிக்க. மூன்றாவது, இவற்றைப் பேணும் பொறுப்பை ஆசிரியர் ஒருவரிடம் விடாது, மாணவர் கழகம் ஒன்றிடம் ஒப்படைக்க. ஆண்டுதோறும் மேல்வகுப்பு மாணவர் கீழ்வகுப்பு மாணவர்க்குக் கொப்பியைக் கையளித்துச் செல்க. நான்காவது, தவணைக்கு ஒருமுறை, வைத்துள்ள படியிலிருந்து ஒரு சஞ்சிகையை மீட்டெடுத்துப் பார்க்க. மீட்டுப் பாராத படி, படி என்னும் பெயருக்குரியதன்று.

இதற்குப் பெரும்பொருள் வேண்டா. பரிசளிப்பு விழாப் பந்தலுக்குச் செலவிடுவதிற் சிறு பங்கு போதும். வேண்டுவது பொறுமையே. பழுதின் முன் பதறாது நின்று, "எது செம்மை? எது பிழை? எது மாறியது?" என வினவும் பொறுமை கணினிக்கு மட்டும் உரியதன்று. மருத்துவனுக்கும் நீதிபதிக்கும் ஆசிரியனுக்கும் அதுவே வேண்டும். பரீட்சையில் குறைந்த புள்ளி எடுத்த பிள்ளையை "மொக்கு" என்று தள்ளாமல், அவன் எந்த உறுப்பில் வழுவினான் எனத் தேடிப் பார்க்கும் ஆசிரியன் செய்வதும் பழுதறிதலே. அக்கொப்பியை எழுதத் தொடங்கிய பின் யான் வகுப்பறையிலும் சிறிது பொறுமையுள்ள ஆசிரியனாயினேன் என என் மாணாக்கர் கூறக் கேட்டேன்.

இம்மலரும் ஒருநாள் பழைய சஞ்சிகையாகும். அன்று இதனைத் தேடிவரும் மாணவன் ஒருவனுக்கு இது கிடைத்தல் வேண்டும். அதற்கான முதற்படியை எடுப்பதற்கு இவ்வாண்டினும் நல்ல ஆண்டு வேறில்லை. கல்லூரி அன்னை வாழ்க; அவள் நினைவு அழியாது நிலவுக.